பற்றாத அடுப்பும் கிளம்பாத வண்டியும்

கடை திறக்கும் நேரத்தில் இரண்டு சங்கடங்களில் ஒன்று வந்துவிட்டாலும் அன்றைய வியாபாரம் பாதி போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று, அடுப்பு பற்றாதது. மற்றொன்று, மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய வண்டி கிளம்பாதது. மளிகைக் கடையின் முகப்பில் டீயும் வடையும் போடுகிறவர்களுக்கும், பலகாரம் போட்டு விற்கிறவர்களுக்கும், சரக்கைத் தாமே ஏற்றிவரும் சிறு வணிகர்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் ஒரே கட்டுரையில் ஏன் சேர்த்து எழுதுகிறோம் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. அடுப்பும் என்ஜினும் வேலை செய்யும் விதம் ஒன்றே. பற்றாதபோது நாம் செய்கிற தவறும் ஒன்றே. அந்தத் தவறு என்ன என்பதை, நாம் நேரில் அறிந்த இரண்டு சம்பவங்களைக் கொண்டு முதலில் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

நம் உறுப்பினர் ஒருவர் மளிகைக் கடையோடு டீக்கடையும் வைத்திருக்கிறார். ஒரு நாள் காலை நாலரை மணிக்கு அடுப்பின் குமிழைத் திருகி லைட்டரை அழுத்தினார். பற்றவில்லை. முதல் நாள் இரவு பால் பொங்கி வழிந்ததால் கடைப் பையன் அடுப்பு முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருந்தான். லைட்டரும் ஈரம், பர்னரும் ஈரம். குமிழை மூடாமலே பத்துப் பன்னிரண்டு முறை 'டக், டக்' என்று அழுத்திப் பார்த்தார். பிறகு "தீப்பெட்டி எடுடா" என்று சொல்லி வாங்கிக் கிழித்தார். 'குப்' என்று ஒரு பெருந்தீ எழுந்து அடங்கியது. புருவமும் கைமுடியும் கருகின. வலது உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மூன்று நாள் கடை திறக்கவில்லை. பக்கத்திலேயே எண்ணெய் டின்களும் கற்பூரப் பெட்டியும் சாக்குக் கட்டும் இருந்தன. அவற்றில் ஒன்று பிடித்திருந்தாலும் சேதம் அவர் கையோடு நின்றிருக்காது.

மற்றொருவர் மொபெட்டில் கொள்முதலுக்குப் புறப்பட்டவர். கிக்கரை உதைத்தார், உதைத்தார், நாற்பது முறையாவது உதைத்திருப்பார். வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். மெக்கானிக் வந்து பார்த்தார். கைப்பிடியில் உள்ள சிவப்புச் சுவிட்சை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். வீட்டுக் குழந்தை விளையாடியிருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டும் வண்டி உடனே கிளம்பவில்லை. நாற்பது உதைக்கும் உள்ளே போன பெட்ரோல் பிளக்கை நனைத்துவிட்டிருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகே வண்டி உயிர்பெற்றது. அவர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல சரக்கெல்லாம் கை மாறியிருந்தது.

இரண்டு பேரும் செய்த பிழை ஒன்றுதான். பற்றவில்லை என்று தெரிந்த பிறகும் நிறுத்தாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். அடுப்பில் அது எரியாத கேஸைச் சேர்த்தது. என்ஜினில் அது எரியாத பெட்ரோலைச் சேர்த்தது. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

தீ பிறக்க மூன்று வேண்டும்

எந்த அடுப்பும் எந்த பெட்ரோல் என்ஜினும் பற்றுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். எரிபொருள், காற்று, பொறி. மூன்றும் சரியான நேரத்தில் சரியான அளவில் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பற்றாது. ஒன்று மிகுந்தாலும் பற்றாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பழுதைத் தேடுவது கணக்குப் பார்ப்பது போல எளிதாகிவிடும்.

சமையல் எரிவாயு காற்றோடு கலக்கும்போது நூறு பங்கில் ஏறத்தாழ 2 முதல் 9 பங்கு வரை இருந்தால்தான் பற்றும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பற்றாது. ஆகவே, கேஸைத் திறந்துவிட்டும் பற்றவில்லை என்றால் அங்கே கேஸ் இல்லை என்று பொருளல்ல. பற்றும் அளவை அது நெருங்கிக்கொண்டிருக்கலாம். இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, மேடைக்கு அடியிலும் மூட்டை இடுக்கிலும் தங்கிக்கொள்ளும். நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு வாசனை தெரிவதற்கு முன்பே காலடியில் சேர்ந்துவிடும்.

பெட்ரோல் என்ஜினிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று வடிகட்டி தூசியால் அடைத்துப்போனால் இந்தக் கணக்கு தவறும். மாவு, மிளகாய்த்தூள், சாக்குத் தூசி பறக்கிற நம் குடோன் வாசலில் நிற்கிற வண்டிகளுக்கு இது சீக்கிரமே அடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பொறியைப் பொறுத்தவரை, நம் கடையில் தொங்குகிற அடுப்பு லைட்டருக்கும் வண்டியின் ஸ்பார்க் பிளக்குக்கும் உறவு உண்டு. இரண்டிலும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஒரு சிறு இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. லைட்டரில் பாட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு சிறு சுத்தி தனி வகைப் பீங்கான் துண்டைத் தட்டுகிறது. அந்தத் தட்டலே மின்சாரமாகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தைப் படிகங்களில் 1880-ஆம் ஆண்டு பிரான்சில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். வண்டியிலோ பாட்டரி அல்லது மேக்னட் தரும் குறைந்த மின்சாரத்தை இக்னிஷன் காயில் உயர்த்திக் கொடுக்கிறது. இரண்டுக்கும் பொதுவான எதிரிகள் ஈரமும் அழுக்கும்.

கேஸ் அடுப்பு பற்றாதபோது

முதல் வேலை, குமிழை மூடுவது. பற்றாத அடுப்பின் குமிழ் திறந்திருக்கக் கூடாது. ஓரிரு முறை அழுத்திப் பற்றவில்லை என்றால் மூடிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து, ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எந்த வியாபாரமும் கெட்டுவிடாது. வாசனை சற்றும் இல்லை என்று உறுதியான பிறகு கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. கேஸ் வருகிறதா? சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்து திறந்த நிலையில் இருக்கிறதா, டியூப் எங்காவது மடங்கியோ மூட்டைக்கு அடியில் நசுங்கியோ கிடக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கடைகளில் டியூப்பின் மேல் சாமான் வைப்பது நாம் பலமுறை கண்ட காட்சி.

2. பொறி வருகிறதா? கேஸை மூடிய நிலையில், வாசனை இல்லாத இடத்தில் லைட்டரை அழுத்திப் பாருங்கள். நீலப் பொறி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முனையை உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் சற்று வைத்து மீண்டும் பாருங்கள். தானே பற்றும் அடுப்பானால் பர்னர் ஓரத்தில் வெள்ளைப் பீங்கானில் ஒரு கம்பி இருக்கும். அதில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் பொறி பர்னருக்குத் தாவாமல் வேறு பக்கம் ஓடிவிடும். கம்பிக்கும் பர்னருக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அரிசி மணி நீள இடைவெளி இருந்தால் போதும். பீங்கானில் விரிசல் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பாட்டரி போட்ட அடுப்பில் 'டிக் டிக்' ஒலி சோம்பலாக வந்தால் செல்லை மாற்றுங்கள். பாதிப் புகார்கள் அதோடு தீர்ந்துவிடும்.

3. பர்னர் திறந்திருக்கிறதா? பொங்கிய பால், சிந்திய மாவு, சர்க்கரைப் பாகு ஆகியவை பர்னரின் துளைகளை அடைக்கும். பர்னர் முழுவதும் ஆறிய பிறகு தலைப்பகுதியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, துளைகளைக் குண்டூசியால் சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, பள்ளத்தில் சரியாகப் பொருந்தும்படி வையுங்கள். சாய்ந்து உட்கார்ந்த பர்னர் ஒரு பக்கம் மட்டுமே பற்றும். கேஸ் பீய்ச்சுகிற சிறிய பித்தளை ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தக் கூடாது. அந்த ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் கேஸ் அளவுக்கு மீறி வரும். அது மெக்கானிக் வேலை.

4. காற்று கலக்கிறதா? சுடர் நீலமாக நின்று எரிந்தால் கலவை சரி. மஞ்சளாகத் தழல்விட்டுப் பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை. பர்னருக்குப் போகும் குழாயின் வாயில் காற்று நுழையும் துளை இருக்கிறது. சிலந்தி அதற்குள் கூடு கட்டுவது உண்டு. சில வாரங்கள் பயன்படுத்தாமல் கிடந்த அடுப்பு பற்றாமல் போனாலோ, அடியில் தீப்பிடித்தாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சில புதிய அடுப்புகளில் சுடர் அணைந்தால் கேஸ் தானே நின்றுவிடும் ஏற்பாடு உண்டு. அப்படிப்பட்ட அடுப்பில் பற்றவைத்த பிறகும் குமிழை ஏறத்தாழ பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே கையை எடுத்தால் அணைந்துவிடும். இது தெரியாமல் "புது அடுப்பு பழுது" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பாத்திரக் கடை நண்பர்கள் விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

தீக்குச்சியால் பற்றவைப்பதென்றால் ஒரே விதிதான். முதலில் தீ, பிறகு கேஸ். குச்சியைக் கிழித்துப் பர்னர் அருகே கொண்டுபோன பிறகே குமிழைத் திறக்க வேண்டும். ஹோட்டல் அடுப்பு போன்ற அதிக அழுத்த அடுப்புகளுக்கு இந்த விதி இரட்டிப்புக் கண்டிப்பு உடையது. முகத்தைச் சற்று விலக்கி, நீண்ட கைப்பிடியுள்ள பந்தத்தாலோ நீள லைட்டராலோ பற்றவையுங்கள்.

செய்யவே கூடாதவை

தீரப்போகிற சிலிண்டரைப் படுக்கவைத்துக் கடைசிச் சொட்டு வரை எடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பெரும் தவறு. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். நேராக நிற்கும்போது மேலே உள்ள ஆவி மட்டும் வரும். படுக்கவைத்தால் திரவமே டியூப்புக்குள் வந்துவிடும். ஒரு பங்கு திரவம் இருநூறு பங்குக்கு மேற்பட்ட வாயுவாக விரியும் என்றால் விளைவை எண்ணிக்கொள்ளுங்கள். அதிக அழுத்த அடுப்பில் தொடர்ந்து எரிக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து வியர்ப்பதும், வெளியே பனி படிவதும், சுடர் தளர்வதும் இயல்பு. அதற்காகக் கொதிநீரில் வைப்பதும், அடுப்புப் பக்கம் நகர்த்துவதும் கூடாது. எரிப்பு அதிகமானால் முகவரிடம் சொல்லி முறையாக இரண்டு சிலிண்டர்களை இணைத்துக்கொள்வதே வழி.

அடுத்தது, பலர் கேட்க விரும்பாத செய்தி. வீட்டுக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைக் கடையில் எரிப்பது 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. விநியோக ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். கடைக்கு உரியது 19 கிலோ நீல சிலிண்டர். விலை வித்தியாசம் கையைக் கடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு விபத்து நேர்ந்து, காப்பீட்டுக்காரர் முன் கணக்குச் சொல்லும் நாளில் அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு கையைவிட்டுப் போகும். எடுத்துச் சொல்வது நம் கடமை.

சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்தில் ஒன்றும் ஆண்டின் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். சிலிண்டரை அடுத்துப் பரிசோதிக்க வேண்டிய காலம் அது. கடந்துபோன தேதியானால் வாங்க வேண்டாம். வால்வுக்குள் உள்ள ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள டியூப்பையே பயன்படுத்தி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எலி கடித்த டியூப்பை ஒரு நாளும் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள்.

வாசனை வந்தால்

கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் அது எச்சரிக்கை மணி. விளக்கைப் போடவும் கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே போதும். ஃபேன் போட்டுக் காற்றை வெளியேற்றலாம் என்று நினைப்பதும் அதே தவறுதான். சாமி படத்து விளக்கையும் ஊதுவத்தியையும் முதலில் கவனியுங்கள். ரெகுலேட்டரை மூடி, ஷட்டரையும் கதவையும் முழுதாகத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கைபேசியில் வெளியே போய் நின்று பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்று 2016 முதல் 1906 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. தீ விபத்துக்கு 101 அல்லது 112. கசிவு எங்கே என்று தேடுவது சோப்பு நுரையால்தான். தீக்குச்சியால் தேடுகிற வீரம் வேண்டாம்.

வண்டி கிளம்பாதபோது

1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்த பிறகுதான் சிறு வணிகர் பலருக்குச் சொந்த வண்டி என்பது கைக்கு எட்டியது. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அதில் ஏறின. 2005-இல் டாடா ஏஸ் வந்து நான்கு சக்கரத்தில் சரக்கு ஏற்றும் வாய்ப்பையும் கொடுத்தது. இன்று சி.என்.ஜி. வண்டிகளும் மின்சார வண்டிகளும் நம் தெருவில் ஓடுகின்றன. வகை பலவானாலும் முதல் கேள்விகள் பழையவையே.

சாவி திரும்பியிருக்கிறதா? சிவப்புச் சுவிட்ச் போட்டிருக்கிறதா? தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா? பழைய வண்டியானால் பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, ரிசர்வில் வைக்க வேண்டுமா? சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் கிளம்பாத வண்டிகளும் இப்போது உண்டு. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மெக்கானிக் வந்ததும் பார்ப்பது இவற்றைத்தான்.

அடுத்து பொறி. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் என்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முனை இளம்பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் கலவை கூடிவிட்டது என்றும், ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் ரிங் தேய்ந்து ஆயில் ஏறுகிறது என்றும் சந்தேகிக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால் நாம் உதைத்தது அதிகம். முற்றிலும் உலர்ந்து வாசனையே இல்லாவிட்டால் பெட்ரோல் உள்ளே வரவே இல்லை.

நனைந்த பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிச் சில முறை உதைத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். பிளக்கின் இடைவெளி பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவே முடிவானது. ஒரு மொபெட் பிளக்கின் விலை ஒரு கிலோ துவரம் பருப்பின் விலைக்குள் அடங்கிவிடும். வண்டிப் பெட்டியில் உபரியாக ஒன்றைப் போட்டு வைப்பது லாபமே தவிர நஷ்டமில்லை.

பிளக்கை என்ஜின் உடம்பில் தொடவைத்து உதைத்துப் பொறி பார்க்கும் பழைய வழக்கம் உண்டு. பெட்ரோல் ஆவி பரவியிருக்கும் இடத்தில் அது ஆபத்து. பெட்ரோல் ஊசிமுறைக்கு மாறிய பி.எஸ். 6 வண்டிகளில் அது மின்னணுப் பெட்டிக்கும் கேடு. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றில் சாவியைத் திருப்பியதும் தொட்டிப் பக்கம் இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப். அந்த ஒலி வராவிட்டாலும், என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாவிட்டாலும் நாம் கைவைக்காமல் பணிமனைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் பிளக் தொப்பிக்குள் தண்ணீர் புகுவதே பெரும்பாலான கோளாறு. கழற்றித் துடைத்து மாட்டினால் கிளம்பிவிடும். பெட்ரோல் தொட்டிக்குள் தண்ணீர் போவது அதைவிடத் தொல்லை. 2025-இல் இந்தியாவில் பெட்ரோலுடன் 20 சதவீதம் எத்தனால் கலப்பு எட்டப்பட்டுவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுடையது. தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் கலந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். என்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் திரவத்தைத்தான். தொட்டி மூடியின் ரப்பர் நைந்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓடாத வண்டியிலும் கடை ஜெனரேட்டரிலும் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

செல்ஃப் போடும் வண்டியா?

செல்ஃப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம். பதினைந்து விநாடியாவது இடைவெளி விட்டு அடுத்த முயற்சி. மூன்று முறைக்குள் கிளம்பாவிட்டால் நிறுத்திவிடுங்கள். இல்லையேல் பழுது ஒன்று, தீர்ந்த பாட்டரி ஒன்று என இரண்டு செலவு. 'டக்' என்ற ஒலி மட்டும் வந்து நின்றால் பாட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது முனை இணைப்பு சரியில்லை. முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் என்ஜினை அணைத்து, முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நம் கடைச் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். கரைசல் பாட்டரிக்குள் போகக் கூடாது. கண்ணும் கையும் பத்திரம். உலர்ந்ததும் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் பூப்பது குறையும்.

மளிகைக்காரர் வண்டிக்கென்றே தனியான எதிரி ஒன்று இருக்கிறது. எலி. குடோன் பக்கம் நிற்கும் வண்டியில் சிந்திய தானியத்துக்கு வரும் எலி, என்ஜினின் கதகதப்பில் தங்கி ஒயரைக் கடித்துவிடும். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலை மொத்தமாகச் செத்திருந்தால் பானட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். சரக்கு இறக்கிய பின் வண்டியைக் கூட்டிப் பெருக்குவது சுத்தத்துக்கு மட்டுமல்ல, ஒயருக்கும் காவல்.

டீசல் வண்டியின் கணக்கு வேறு

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றைப் பதினைந்து இருபது பங்கு இறுக்கி, அதனால் ஏறும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. ஆகவே இங்கே பொறியைத் தேடிப் பயனில்லை. டீசல், காற்று, அழுத்தம் இவைதான் கேள்வி. குளிர்ந்த காலையில் சுருள் படமிட்ட விளக்கு எரிந்தால் அது அணையும்வரை பொறுத்து செல்ஃப் அடியுங்கள். உள்ளே ஹீட்டர் பிளக் சூடேறுவதற்கான நேரம் அது. தொட்டி வற்றும்வரை ஓட்டினால் குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும். பிறகு டீசல் ஊற்றினாலும் கிளம்பாது. பழைய வண்டியில் ஓட்டுநரே கைப்பம்ப் அடித்து ஏர் எடுத்துவிடுவார். புதிய காமன் ரெயில் வண்டியில் குழாயில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். அதில் நட்டைத் தளர்த்துவது கையைத் துளைக்கும் ஆபத்து. கால் தொட்டி டீசல் எப்போதும் இருக்கட்டும் என்பதே மலிவான மருந்து.

சி.என்.ஜி. வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் தொட்டியை மறந்துவிடுகிறார்கள். பல வண்டிகள் பெட்ரோலில் கிளம்பிப் பிறகே சி.என்.ஜி.க்கு மாறும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போனால் கிளம்புவதே தடைப்படும். வாரம் ஒருமுறை சிறிது தூரம் பெட்ரோலில் ஓட்டுங்கள். வண்டிக்கு வீட்டு சிலிண்டர் கேஸ் ஏற்றுவதை நாம் யாருக்கும் சொல்லமாட்டோம். சட்டமும் விடாது, உயிரும் மிஞ்சாது.

கல்லாப்பெட்டி அருகே ஒட்டி வைக்க

ஒன்று: பற்றவில்லையா, முதலில் மூடு. அடுப்பானாலும் வண்டியானாலும் மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம்.

இரண்டு: எரிபொருள், காற்று, பொறி என்ற வரிசையில் தேடு.

மூன்று: முதலில் தீ, பிறகு கேஸ்.

நான்கு: வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதே. கதவைத் திற, வெளியே போ, 1906-ஐக் கூப்பிடு.

ஐந்து: ஜெட், ஊசிமுறை, காமன் ரெயில் ஆகியவை மெக்கானிக் கையில்.

இதை முதலாளி மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. காலையில் அடுப்பைப் பற்றவைப்பது பெரும்பாலும் கடைப் பையன். வண்டி எடுப்பது பெரும்பாலும் ஓட்டுநர். நாம் சொன்ன உறுப்பினரின் கடையில் அடுப்பைக் கழுவியதும் ஒரு பையன்தான். ஆனால் அவன்மேல் குற்றமில்லை, அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த முதலாளி கை ஆறிக் கடை திறந்த முதல் நாளில், வேலைக்காரர்கள் நால்வரையும் அடுப்பைச் சுற்றி நிற்கவைத்து, மூடுவது எப்படி என்பதை முதலிலும் பற்றவைப்பது எப்படி என்பதைப் பிறகும் காட்டிக்கொடுத்தார். பத்து நிமிட வேலை. நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் இந்த வாரமே அதைச் செய்துவிட்டால் இக்கட்டுரை எழுதிய பலன் கிடைத்துவிடும்.